பிழைக்கு ஒரு கதை

நூறு எபிசோட் தாண்டிய எந்தத் தொடரை எடுத்தாலும் அதில் ஒருவருக்கு இரண்டு பிறந்தநாள் இருக்கும். மாடியில்லாத வீட்டில் யாராவது மாடியிலிருந்து இறங்கி வருவார்கள். மூத்த மகள் இளையவளாகி, பிறகு மறுபடி மூத்தவளாவாள். இப்படிப்பட்டவற்றைப் பிடிப்பதும், பிடிபடாமல் ஒளிபரப்பாகிப் போனவற்றுக்குச் சமாதானம் கண்டுபிடிப்பதும்தான் சென்னையில் எனக்குச் சோறு போட்டது. டைட்டிலில் உதவி இயக்குநர் என்று பெயர் வரும். யூனிட்டில் என் பெயர் பலருக்குத் தெரியாது. “கன்டினியூட்டி எங்கப்பா?” என்று குரல் வந்தால் கொப்பியோடு ஓடவேண்டும்.

சொந்த ஊர் மன்னார்த் தீவில் பள்ளிமுனை. ஊர்க் கோவில் புனித லூசியாவுக்கு உரியது. கண்பார்வைக்குப் பாதுகாவலி அவர். 1990 சண்டையில் வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்து, பிறகு சென்னையில் வேலை தேடினேன். நாள் முழுக்க உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றதும் லூசியம்மாள்தான் வழிகாட்டினார் என்று அம்மா பூசைக்குக் காசு கொடுத்தார்.

நான் சேர்ந்த காலத்தில் தூர்தர்ஷனுக்கான வாரத் தொடர்கள்தான் அதிகம். பதின்மூன்று வாரத்தோடு கதை முடியும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது அதன் கதை ஏற்கெனவே ஆனந்த விகடனில் முழுதாக வந்து முடிந்திருந்தது. ஜீனோ என்ற எந்திர நாய்க்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைப் புத்தகத்தைப் புரட்டினால் பார்த்துக்கொள்ளலாம். முடிவு தெரிந்த கதைக்குக் கன்டினியூட்டி பார்ப்பது சுலபம். பொருட்களைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பொருள் பார்ப்பதும் லேசான வேலையில்லை. ஒரு கூடத்தில் நடக்கிற காட்சிகளையெல்லாம் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். அதே பெண் வாசலைத் தாண்டித் தெருவில் கால்வைக்கிற காட்சியை மூன்று வாரம் கழித்து வேறொரு பேட்டையில் எடுப்பார்கள். கதையில் இரண்டுக்கும் நடுவே ஒரு நொடிதான். அந்த நொடிக்காகப் புடவையின் நம்பர், பொட்டின் நிறம், எந்தக் கையில் எத்தனை வளையல், பின்னல் முன்னால் கிடந்ததா பின்னால் கிடந்ததா, கைப்பை எந்தத் தோளில் என்று எழுதிவைப்போம். போலராய்ட் கமெரா இருந்த கம்பெனியில் படம் எடுத்து ஒட்டுவோம். இல்லாத இடத்தில் நானே கோட்டுப்படம் போட்டுக்கொள்வேன்.

தொழிலில் சில குறுக்குவழிகளும் உண்டு. செட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிடவேண்டும். இல்லாவிட்டால் ஒரே உரையாடலுக்குள் முள் பத்தேகாலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே குதிக்கும். தேதி கிழிக்கிற காலண்டரை எடுத்து ஒளித்துவைக்கவேண்டும். காப்பியைக் கண்ணாடிக் கிளாசில் கொடுக்கவிடக்கூடாது. எவர்சில்வர் டம்ளர் என்றால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தமிழ்த் தொடர்களில் பணக்கார வீட்டிலும் எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தால் அங்கே விவரமான ஒரு உதவி இயக்குநர் இருந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தினத்தொடர்கள் வந்ததும் இந்த வேலையின் முகமே மாறிப்போனது. 1999இல் ‘சித்தி’, 2002இல் ‘மெட்டி ஒலி’, 2003இல் ‘கோலங்கள்’ என்று சன் டிவியில் ஒவ்வொன்றாகத் தொடங்கி வருடக்கணக்கில் ஓடின. மற்றச் சானல்களும் அதே வழியில் வந்தன. நான் வேலை செய்த தொடர்களில் காலையில் வசனம் வரும், மத்தியானம் எடுப்போம். கையிருப்பில் நாலைந்து எபிசோட் இருந்தால் அந்த வாரம் தீபாவளி. கதை எங்கே போகிறதென்று எழுதுகிறவருக்கே தெரியாது. பொருள் பார்த்துக்கொண்டிருந்த நான் தொடரின் ஞாபகமாக மாறவேண்டியதாயிற்று. யார் யாருக்கு எந்த ரகசியம் தெரியும், கடன் எவ்வளவு, கோபத்தில் யார் யாரோடு பேச்சு இல்லை என்றெல்லாம் தனிக் கொப்பி போட்டேன். வசனகர்த்தாக்கள் மாறுவார்கள், இயக்குநர் மாறுவார், கொப்பி மட்டும் இருக்கும்.

நடிகரும் மாறுவார். கால்ஷீட் தகராறு, சம்பளத் தகராறு, கல்யாணம் என்று எதுவாகவும் இருக்கலாம். அதற்குத் தமிழ்த் தொலைக்காட்சி ஒரு வழி கண்டுபிடித்தது. புதியவர் அறைக்குள் வருவார், திரையில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து ஓடும், அவ்வளவுதான். மேடைச் சிரிப்பு நிகழ்ச்சிக்காரர்கள் வருடக்கணக்காக அதை வைத்துப் பிழைத்தார்கள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துகளில் ஒரே அரசனை முன்பாதியில் ஒருவர் ஆடுவார், பின்பாதியில் வேறொருவர் ஆடுவார். விடியவிடிய ஒரே தொண்டை தாங்காது. ஆசைப்பட்டுக் கேட்கிறவர்களுக்கெல்லாம் வேஷமும் கொடுக்கவேண்டும். முதலாமவர் நெட்டை, இரண்டாமவர் கட்டை. கிரீடமும் பாட்டும் ஒன்றாக இருந்தால் சபைக்குப் போதும். ‘ராசா ஏன் குட்டையாகிவிட்டார்’ என்று யாரும் கேட்டதில்லை.

எடிட்டர் நண்பர் ஒருவர் கொடுத்த டிஸ்க்குகளில் ‘டாக்டர் ஹூ’ பார்த்தபோது வெள்ளைக்காரனும் இதே இக்கட்டில் மாட்டியிருப்பது தெரிந்தது. 1963 நவம்பரில் பிபிசி தொடங்கிய தொடர் அது. காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்கிற, டாக்டர் என்று அழைக்கப்படுகிற ஒருவரின் கதை. மூன்று வருடத்தில் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. 1966 அக்டோபரில் அவர் தரையில் விழுந்து கிடக்க, முகம் வெளிச்சத்தில் கரைந்து பாட்ரிக் ட்ரவுட்டனாக எழுந்தது. நம்மவர்கள் ஒரு வரி எழுத்தில் முடித்ததை அவர்கள் அந்தப் பாத்திரத்தின் உடற்கூறாகவே ஆக்கிவிட்டார்கள். அதன் பலத்தில் தொடர் இந்த நூற்றாண்டுக்குள்ளும் வந்துவிட்டது.

ஆனால் விளக்கம் என்று ஒன்றைச் சொன்னால் அதற்கும் கணக்கு வைக்கவேண்டிவரும். 1976இல் வந்த ஒரு கதையில், டாக்டரின் இனத்தவர் பன்னிரண்டு முறைதான் இப்படி மாறலாம் என்று யாரோ வசனம் எழுதிவிட்டார். அன்றைக்கு அது வெகு தூரத்துக் கணக்கு. எண்ணிக்கை நெருங்கியபோது அடுத்த தலைமுறைக்காரர்கள் திண்டாடினார்கள். 2013 கிறிஸ்மஸ் எபிசோடில் டாக்டருக்குப் புதிதாக ஒரு சுற்று வரமாகக் கிடைத்தது.

அதே தொடரில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. எழுபதுகளில் டாக்டர் ஒரு இராணுவப் பிரிவோடு பூமியில் வேலை செய்த கதைகள் எந்த ஆண்டில் நடக்கின்றன? 1975இல் வந்த கதையில் கூட வந்த பெண் தான் 1980ஐச் சேர்ந்தவள் என்கிறாள். 1983இல் வந்த கதையிலோ அந்தப் பிரிவின் தளபதி 1976லேயே ஓய்வுபெற்று, 1977இல் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கட்ட யாராலும் முடியவில்லை. 2008இல் ஒரு எபிசோடில் டாக்டரே, நான் அங்கே வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தனக்கும் சரியாக நினைவில்லாத மாதிரிப் பேசிவிட்டுப் போகிறார். வருடக்கணக்காகச் சண்டை போட்ட ரசிகர்களைப் பார்த்து ஒரு கண்சிமிட்டல். நான் பார்த்த சமாளிப்புகளில் மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று.

எனக்கே அப்படி ஒரு சோதனை வந்தது, சிறுவர்களுக்கான ஒரு தொடரில். ஒரு தாத்தா, அவருடைய பேரன்கள், காலத்தில் பின்னோக்கிப் போகிற ஒரு பெட்டி. முதல் வாரங்களில் தாத்தா ஒரு விதி சொல்லியிருந்தார்: பெட்டி ஒருமுறை போன நாளுக்கு மறுபடி போகாது. அது நல்ல விதி. அது இல்லாவிட்டால் எந்தச் சிக்கலையும் திரும்பப் போய்த் திருத்திவிடலாம், கதையில் பயமே இருக்காது. பிறகு எழுதுகிறவர் மாறினார். பழைய வில்லனுக்கு நல்ல பெயர் கிடைத்ததால் அவனைக் கூட்டிவரச் சொன்னார்கள். புதியவர் பெட்டியை அதே நாளுக்கு இரண்டாம் முறை அனுப்பிவிட்டார். கொப்பியைக் காட்டி நான் சொன்னபோது அவசரத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒளிபரப்பான கிழமையே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை தபாலட்டை போட்டிருந்தது. தாத்தா பொய் சொன்னாரா என்று ஒரே கேள்வி.

உட்கார்ந்து பேசினோம். பெட்டியைப் பழுதுபார்த்துவிட்டதாகச் சொல்லலாம் என்றார் ஒருவர். அப்படியானால் கதையில் இறந்துபோன பாட்டியைப் போய்க் காப்பாற்றலாமே என்று நான் கேட்டேன். அறை அமைதியானது. இரண்டாவது பெட்டி இருக்கிறதென்று சொல்லலாம் என்றார் இன்னொருவர். அதற்கும் அதே கேள்விதான். ஒரு ஓட்டையை அடைக்க எதைக் கொண்டுவந்தாலும், பாட்டிக்காகப் பிள்ளைகள் அழுத அழுகையை அது முட்டாள்தனமாக்கியது. கடைசியில் தபாலட்டையே வழி காட்டியது. ஆம், தாத்தா பொய்தான் சொன்னார். பாட்டியைக் காப்பாற்ற அவர் அதே நாளுக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார், ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறார். பேரன்களுக்கும் அந்த வலி வரக்கூடாது என்று அப்படியொரு விதியைத் தானே கட்டிவிட்டிருக்கிறார். அந்தத் தொடரில் எங்களுக்கு மிகவும் பெயர் வாங்கித்தந்தவை அதற்குப் பிறகு வந்த எபிசோட்கள்தான்.

பிழைக்கு விளக்கம் சொல்வதென்றால் அது ஒரு பாத்திரத்தைப் பற்றிப் புதிதாக ஏதாவது சொல்லவேண்டும். சும்மா ஒட்டுப்போடுகிற விளக்கம் பிழையைவிட மோசம். இதற்கு ‘ஸ்டார் ட்ரெக்’கைவிட நல்ல சாட்சி கிடையாது. 1966இல் தொடங்கிய பழைய தொடரில் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரகப் போர்வீரர்கள் முகத்தில் மை பூசி, மீசை தாடி ஒட்டிய மனிதர்களாகத்தான் வந்தார்கள். 1979இல் சினிமாவாக எடுத்தபோது ஒப்பனைக்குக் காசு வந்தது, கிளிங்கான்களின் நெற்றியில் எலும்பு மேடு முளைத்தது. மேடில்லாமல் பழைய தொடரில் வந்த மூன்று கிளிங்கான்கள், அதே மூன்று நடிகர்கள், 1994இல் மேட்டோடு திரும்பி வந்தார்கள். யாரும் விளக்கம் சொல்லவில்லை. குடியும் முழுகிப்போகவில்லை.

1996இல் முப்பதாவது ஆண்டுக்காகப் பழைய எபிசோட் ஒன்றின் காட்சிகளுக்குள் புதிய நடிகர்களைக் கணினியால் நுழைத்தார்கள். மேடில்லாத கிளிங்கான்களும் மேடுள்ள கிளிங்கானான வோர்ஃபும் ஒரே கூடத்தில். கேள்வியைத் தவிர்க்க இனி வழியில்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்க, வெளியாட்களோடு அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று வோர்ஃப் முறைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறார். ஒரே வரியில் சிரிப்பும் வந்தது. அந்த இனத்தின் மானமும் வெட்கமும் தெரிந்தன. அதற்குள் ஏதோ பெரிய கதை இருக்கிறதென்ற எண்ணமும் வந்தது. 2005இல் வேறொரு தொடரில் இரண்டு எபிசோட் செலவழித்து, மரபணு ஆராய்ச்சியில் பிறந்த கிருமியால் மேடுகள் மறைந்தன என்று விளக்கினார்கள். திறமையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த மூவருக்கு மேடு எப்படித் திரும்பி வந்தது என்ற அடுத்த கேள்வி உடனே வந்து நின்றது. என்னைக் கேட்டால் வோர்ஃபின் ஒரு வரிக்குத்தான் காசு கொடுப்பேன்.

சில பிழைகளைப் பார்க்கிறவர்களிடமே விட்டுவிடலாம். 1982இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில் கான் என்ற வில்லன் விண்கப்பல் அதிகாரி செகோவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறான். ஆனால் கான் வந்த பழைய எபிசோட் 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. செகோவ் என்ற பாத்திரமே அந்த ஆண்டு செப்டம்பரில்தான் தொடரில் சேர்ந்தது. செகோவாக நடித்த வால்டர் கேனிக் இதற்குச் சொல்கிற விளக்கம், கான் அவசரமாகக் கழிவறைக்குப் போகவேண்டியிருந்தபோது உள்ளே செகோவ் வெகுநேரம் இருந்துவிட்டார், அந்த முகத்தை அவன் எப்படி மறப்பான் என்பதுதான். ரசிகர்கள் இன்னும் கௌரவமாக, செகோவ் அப்போதே கப்பலின் கீழ்த்தட்டில் வேலை பார்த்திருப்பார் என்று கட்டிக்கொண்டார்கள். ஸ்டான் லீ மார்வெல் காமிக்ஸில் இதையே ஒரு விளையாட்டாக்கினார். பிழையைப் பிடித்து, அது ஏன் பிழையில்லை என்று விளக்கமும் எழுதுகிற வாசகருக்குப் பரிசு என்று ஒரு உறை வரும். உள்ளே ஒன்றும் இருக்காது. வெற்று உறையைச் சட்டம் போட்டு மாட்டியவர்களும் உண்டு. பிழை கண்டுபிடிக்கிற ஆள் எதிரி அல்ல, நம்மைவிடக் கூர்மையாக நம்முடைய கதையைப் பார்த்த ஆள் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஆட்களின் கையிலிருக்கிற ஆயுதம் என் கண் முன்னாலேயே மாறியது. தொடக்கத்தில் ஒருமுறை ஒளிபரப்பானால் போயே போயிற்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிபிசியே பழைய ‘டாக்டர் ஹூ’ நாடாக்களை அழித்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தியது. பழையதை யாரும் மறுபடி பார்க்கப்போவதில்லை என்ற நம்பிக்கை. எழுதுகிறவர்களும் ஞாபகத்திலிருந்துதான் எழுதியிருப்பார்கள். எங்களுக்குத் தபாலட்டை வந்த காலத்தில் ஞாபகத்துக்கு எதிராக ஞாபகம் என்பதால் மறுத்துச் சொல்ல இடமிருந்தது. யூடியூப் வந்தபிறகு சாட்சி கையிலேயே இருக்கிறது. இரண்டு எபிசோடை நிறுத்தி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வட்டம் போட்டு அனுப்புகிறார்கள். இளம் உதவி இயக்குநர்கள் அதைப் பார்த்துப் பயந்து தாலிக்கொடியையும் தோட்டையும் செல்போனில் படம் பிடித்துத் தள்ளுகிறார்கள். பிடிக்கட்டும். ஆனால் வட்டம் போட முடியாத பிழைகளை அந்தப் படங்கள் காட்டிக்கொடுக்காது.

இதைப் பள்ளிமுனைக்குத் திரும்பிய பிறகு வடிவாக விளங்கிக்கொண்டேன். இங்கே மாலையானால் வீட்டுக்கு வீடு சென்னைத் தொடர்கள்தான். நான் செய்த வேலை என்னவென்று தெரிந்ததும், கருவாட்டு வாடியில் வேலை செய்கிற அக்கா ஒருவர் வேலியில் சாய்ந்துகொண்டு விசாரணையைத் தொடங்கினார். “தம்பி, நேத்துப் பச்சைச் சீலை, இண்டைக்கு நீலம். அது எங்களுக்குத் தெரியாமலா? அது பரவாயில்லை, சீலை மாத்தியிருப்பாள் எண்டு விட்டுடுவம். பெத்த பிள்ளையக் கடலுக்குக் குடுத்தவள், மற்றக் கிழமை கலியாண வீட்டில பல்லக் காட்டிக்கொண்டு நிக்கிறாள். அந்தப் பிள்ளையின்ர பேரை அதுக்குப் பிறகு ஒருத்தரும் சொல்லேல்ல. அதை எழுதி வைக்க உங்களிட்ட கொப்பி இல்லையோ?”

என்னிடம் அந்தக் கொப்பி இருந்தது. அதைக் கேட்பவர்தான் எந்த யூனிட்டிலும் அதிகம் கிடையாது. சீலையைப் பற்றி இயக்குநர் கேட்பார், காஸ்ட்யூமர் கேட்பார். இந்தத் தாய்க்கு இந்தக் காட்சியில் எத்தனை நாள் துக்கம் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அண்மையில் ஊர்ப் பொடியன்கள் சிலர் செல்போனில் ஒரு விண்வெளிக் குறும்படம் எடுத்தார்கள். செட்டுக்குச் செலவில்லை. பள்ளிமுனையில் நூற்றாண்டுக்கணக்காக நிற்கிற பெருக்க மரம் இருக்கிறது. பத்துப் பேர் கைகோர்த்தாலும் சுற்றிப் பிடிக்கச் சிரமமான அடிமரம், யானைத்தோல் போன்ற பட்டை. கீழிருந்து வைத்து எடுத்தால் பூமியில் நிற்கிற மரமென்று யாரும் சொல்லமாட்டார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு வெள்ளிப் பூச்சு அடித்து விண்வெளிக் கவசமாக்கியிருந்தார்கள். பாதியை வறட்சியில் எடுத்து, காசு முடிந்து, மீதியை மாரி மழைக்குப் பிறகு எடுத்திருக்கிறார்கள். முதல் பாதியில் மரம் மொட்டை, மறுபாதியில் இலை. போதாததற்கு ஒரு ஷாட்டில் பின்னால் மன்னார்க் கழுதை ஒன்று நிதானமாக நடந்து போகிறது.

அவர்கள் என்னிடம் வந்தது இலைக்கு விளக்கம் கேட்டு. அந்தக் கிரகத்தில் பருவம் சீக்கிரம் மாறும் என்று ஒரு வசனம் வைக்கலாமா அண்ணன் என்றார்கள். வேண்டாம் என்றேன். மொட்டை மரத்துக்கும் இலை மரத்துக்கும் நடுவே படத்தில் ஒரு இருட்டு வருகிறது. பார்க்கிறவர் தானே காலத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்வார். கழுதைக்கும் விளக்கம் வேண்டாம், அது வேற்றுக்கிரகப் பிராணி. நான் கைவைத்தது வேறிடத்தில். காற்றில் விஷம், கவசத்தைக் கழற்றினால் சாவு என்று முதல் நிமிடத்தில் சொல்கிறார்கள். ஏழாம் நிமிடத்தில் கதாநாயகன் நண்பனின் சடலத்தருகே கவசத்தைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கிறான், பிறகு சாவகாசமாக நடந்து போகிறான். நடித்த பொடியனுக்கு வேர்த்ததால் தூக்கினானாம்.

அந்த ஷாட்டை வெட்டச் சொல்லவில்லை. அவன் தெரிந்துதான் தூக்கினான் என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதை மட்டும் மாற்றி எடுங்கள் என்றேன். இப்போது அந்தப் படத்தில் அவன் நடக்க நடக்க மூச்சு வாங்குகிறது. கடைசிவரை போய்ச்சேர்வானா என்பதுதான் படமே.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். உடையும் பொருளும் மாறினால் முடிந்தமட்டும் பிடியுங்கள், தப்பினால் அதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். கதையின் விதி மீறப்பட்டால் மீறியவனுக்கு ஒரு காரணம் கொடுங்கள், அந்தக் காரணத்துக்கு ஒரு விலையும் வையுங்கள். துக்கம், கடன், நன்றி, பகை ஆகியவற்றில் பிழை விழுந்தால் மட்டும் யார் காலில் விழுந்தாவது அந்த எபிசோடைத் திருத்துங்கள். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஆளை மாற்றலாம். ஆனால் முன்பு இருந்தவர் அழுத அழுகை புதிதாக வருகிறவரிடமும் இருக்கவேண்டும்.